தண்ணி எங்கே போகுது?

அப்பாவின் காரில் முன் லாச்சிக்குள் ஒரு சின்ன சி.ஆர். கொப்பி எப்போதும் இருக்கும். பெற்றோல் அடித்த திகதி, ஓயில் மாற்றிய திகதி, ஓடிய கிலோமீற்றர் எல்லாம் நீல மையில், சாய்ந்த சிறிய எழுத்தில். அவர் போய் ஒரு வருடத்துக்குப் பிறகுதான் அந்தக் கொப்பியை முழுதாகப் படித்தேன். கடைசி ஒன்றரை வருடப் பக்கங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: "தண்ணி விட்டது." முதலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு மாதம் ஒருமுறை. கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை.

நானும் அதையே செய்துகொண்டிருந்தேன், எழுதிவைக்காமல். டிக்கியில் இரண்டு லீற்றர் போத்தல் ஒன்று கிடக்கும். பொனற்றைத் திறந்து, வெள்ளை டாங்கியில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஊற்றி மூடிவிடுவேன். பழைய கார் என்றால் கொஞ்சம் தண்ணி குடிக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் அடைத்த சுற்றுக்குள் ஓடுவது. நல்ல நிலையில் இருக்கும் காரில் அது மாதக்கணக்காகக் கோட்டை விட்டு இறங்கவே கூடாது. இறங்கினால் எங்கோ வழி இருக்கிறது. இவ்வளவு எளிய விஷயத்தை அப்பா எழுதிய பக்கங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தன.

கார் 2003ஆம் வருட டொயோட்டா கொரோலா, நம்மூரில் 'வன் ருவென்ரி வன்' என்று எல்லாரும் சொல்லும் 121. 1496 சிசி எஞ்சின், ஓட்டோ கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் மறுபடி இறங்கத் தொடங்கியது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் இந்த வயதுக் கார்களைக் கைவிட யாராலும் முடியவில்லை. எங்களாலும்தான். அம்மாவின் கிளினிக், மார்க்கெற், வருடத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணம், எல்லாம் இந்தக் காரில்தான்.

சென்ற வருடம் ஒரு மதியம், பள்ளிக்கூடங்கள் விடும் நேரம், பம்பலப்பிட்டியில் காலி வீதியில் நின்றுகொண்டிருந்தோம். அம்மா பக்கத்தில். வெப்பமானி முள் நடுவிலிருந்து மெதுவாக மேலே ஏறுவதைக் கண்டேன். ஏசியை நிறுத்தினேன். ஹீற்றரை முழுச் சூட்டில், முழுக் காற்றில் போட்டேன். கொழும்பு மதியத்தில் ஹீற்றரா என்று அம்மா பதறிப்போனார். ஆனால் ஹீற்றருக்குள் இருப்பதும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் காருக்குள் இழுத்து எடுத்துவிடும். முள் ஒரு கோடு இறங்கியது. கடற்கரைப் பக்கம் திருப்பி, மரைன் டிரைவில் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த முள்ளை அதிகம் நம்பக்கூடாது. சாதாரணமாக ஓடும் வெப்ப எல்லை முழுவதிலும் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படிதான் பல கார்களில் அதை அமைத்திருக்கிறார்கள். அது அசையத் தொடங்கினாலே எஞ்சின் எல்லை தாண்டத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவேண்டும். இன்னொரு ஆபத்து: தண்ணீர் மிகவும் குறைந்துபோனால் வெப்பத்தை அளக்கும் சென்சர் காற்றில் நிற்கும், முள் குறைத்தும் காட்டலாம். முள் நடுவில் நிற்கிறது என்று பார்த்தபடியே எஞ்சினை எரித்துவிடலாம்.

அன்று முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மூடியைத் தொடவில்லை. இது மட்டும் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் காரின் ரேடியேற்றர் மூடியில் 1.1 என்று போட்டிருக்கும். உள்ளே வளிமண்டல அமுக்கத்துக்கு மேலே இன்னொரு மடங்கு அமுக்கத்தை அது பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். அந்த அமுக்கத்தில் தண்ணீரின் கொதிநிலை 100 பாகையிலிருந்து 120க்குச் சற்று மேலே போய்விடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அமுக்கம் ஒரு நொடியில் விழும், 110 பாகையில் அமைதியாக நின்ற தண்ணீர் அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸைக் கையால் பிசையும்போது கை சுடாமல், ஹோஸ் இறுகி நிற்காமல் மெத்தென்று இருந்தால்தான் திறக்கலாம்.

அடுத்த நாள் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பொனற்றைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "ஹெட் கேஸ்கற் போயிட்டுது, ஹெட்டைக் கழற்றவேணும்" என்றார்கள். எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையே நின்று, எரியும் வாயுவையும் தண்ணீரையும் ஓயிலையும் கலக்காமல் அடைத்து வைக்கும் தகடுதான் அது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். கீழே ஒழுக்கு இல்லை, தண்ணி குறைகிறது, அப்போ எஞ்சினுக்குள்தான் போகிறது என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஹெட் கேஸ்கற் போவது உண்மையாகவே நடக்கும் விஷயம்தான். ஆனால் ஒரு சோதனையும் செய்யாமல் அதைச் சொல்வது, நாடி பிடிக்காமல் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பது போல.

எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில் ஒரு மாமா இருக்கிறார். இ.போ.ச. டிப்போவில் முப்பது வருடம் பஸ் எஞ்சின்களோடு இருந்து ஓய்வு பெற்றவர். அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். எதையும் தொடவில்லை.

"தம்பி, தண்ணி குறையுது எண்டு சொல்லுறீர். எவ்வளவு குறையுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

"அப்ப முதல் அதை அளவும். அளக்காமல் தேடினா உமக்குக் கள்ளன் அகப்படான்."

அளந்தேன். காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றரைக் கழுத்துவரை நிரப்பி, டாங்கியில் நீர்மட்டத்தில் ஒரு துண்டு மின் ரேப் ஒட்டினேன். ஒரு வாரம் வழக்கம்போல ஓடினேன், ஏறக்குறைய 150 கிலோமீற்றர். அடுத்த ஞாயிறு அளவுக் கோப்பையால் ஊற்றி நிரப்பினேன். 350 மில்லிலீற்றர் போனது. ஆனால் அதைவிடப் பெரிய செய்தி வேறு: டாங்கியில் மட்டம் ரேப்புக்குச் சற்று மேலே ஏறியிருந்தது. குறைந்தது ரேடியேற்றரில்தான். நான் இத்தனை மாதமும் டாங்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ரேடியேற்றர் மூடியைத் திறந்து பார்த்ததே இல்லை.

இதன் பொருளைப் புரிந்துகொள்ள அந்த மூடியைப் புரிந்துகொள்ளவேண்டும். சாதாரண மூடி என்று நினைக்கிறோம், உள்ளே இரண்டு வால்வுகள் இருக்கின்றன. தண்ணீர் சூடாகி விரியும்போது, குறித்த அமுக்கம் வந்ததும் பெரிய வால்வு ஸ்பிரிங்கை அமுக்கித் திறந்து, மிஞ்சியதை டாங்கிக்கு அனுப்பும். எஞ்சின் ஆறும்போது தண்ணீர் சுருங்கும், உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது நடுவில் இருக்கும் சின்ன வால்வு திறந்து, டாங்கியிலிருந்து அதே தண்ணீரைத் திருப்பி உறிஞ்சும். ஒவ்வொரு பயணத்திலும் போய் வரும் இந்த ஓட்டம் சரியாக நடந்தால் ரேடியேற்றர் எப்போதும் கழுத்துவரை நிறைந்திருக்கும். மூடியின் இறப்பர் காய்ந்து இறுகிவிட்டால் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் பாதி அமுக்கத்திலேயே திறந்து, நெரிசலில் நிற்கும்போது டாங்கியை நிரப்பி வழிய விடும். வழிந்தது சூட்டில் ஆவியாகிவிடும். கீழே ஒரு சொட்டும் தெரியாது.

மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இறப்பர் வளையம் முழுக்க வெடிப்பு. நகத்தால் தொட்டதும் ஒரு துண்டு உதிர்ந்தது.

ஆனாலும் மாமா உடனே புது மூடி வாங்க விடவில்லை. கராஜ்காரர் சொன்னதை முதலில் இல்லையென்று காட்டவேண்டும் என்றார். ஓயில் ஊற்றும் மூடியின் அடியைப் பார்த்தோம், தண்ணீர் கலந்தால் படியும் பாலாடை போல ஒன்றும் இல்லை. ஓயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தோம், ஓயில் ஓயிலாகத்தான் இருந்தது. காலையில் குளிர்ந்த எஞ்சினை மூடி இல்லாமல் ஸ்ராட் செய்து, ரேடியேற்றர் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்தால் விடாமல் குமிழ் வரும். ஓரிரண்டு குமிழ் வந்து நின்றுவிட்டது. சைலன்சரில் இனிப்பு மணத்தோடு வெண்புகையும் இல்லை. கடைசியாக, கொம்பனித் தெருவில் வாகன வேலை செய்யும் ஒரு நண்பனிடம் சோதனைக் குழாய் ஒன்றை இரவல் வாங்கினேன். அதற்குள் நீல நிறத் திரவம் இருக்கும். ரேடியேற்றர் கழுத்தில் வைத்து உள்ளே நிற்கும் காற்றை அதன் வழியே உறிஞ்சவேண்டும். எரிந்த வாயுவிலுள்ள காபனீரொட்சைட்டு இருந்தால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிடம் செய்தோம். நீலம் நீலமாகவே நின்றது. அந்த நீலத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

இடையில் மட்டைச் சோதனையும் நடந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய மட்டையை விரித்து இரவில் காருக்குக் கீழே போட்டேன். காலையில் ஒரு ஈரம். மனம் துள்ளியது, ஆனால் அது முன் இருக்கைக் காலடிக்கு நேர் கீழே. நிறமில்லை, மணமில்லை. அது ஏசித் தண்ணி. கொழும்பின் ஈரக் காற்றில் ஏசி ஒரு மணி நேரம் ஓடினாலே கீழே சின்னக் குளம் கட்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் கலவையான கூலன்றுக்கு நிறம் இருக்கும், கொஞ்சம் இனித்த மணம் இருக்கும், விரலிடையே தேய்த்தால் வழுக்கும். ஓட்டோ கியர் ஓயிலும் சிவப்பு, சில கூலன்றும் சிவப்பு. குழப்பமாக இருந்தால் ஒரு சொட்டை ஒரு கிண்ணம் தண்ணீரில் விடுங்கள். கூலன்ற் கரையும், ஓயில் மிதக்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். கூலன்றில் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு.

சரி, புது மூடி வாங்கினேன். அதே 1.1. எண் கூடினால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கூடிய அமுக்கத்தை ஹோஸ்களும் ரேடியேற்றரும் தாங்கவேண்டும். போட்டு ஓடினேன். மூன்று நாள் மட்டம் அசையவில்லை. நாலாம் நாள் காரை நிறுத்தி இறங்கும்போது மூக்கில் ஒரு மணம், சூடான சீனிப்பாகு போல. பொனற்றைத் திறந்தேன், எங்கும் ஈரம் இல்லை. மணம் மட்டும் இருந்தது.

மாமாவுக்கு ஆச்சரியமே இல்லை. பழைய மூடி பாதி அமுக்கத்தில் திறந்துகொண்டிருந்ததால் பலவீனமாய் இருந்த இன்னோரிடம் தப்பித்துக்கொண்டிருந்தது. இப்போது முழு அமுக்கம் வந்திருக்கிறது. அந்த இடம் எது என்று அதுவே காட்டும் என்றார்.

நண்பனிடமிருந்து இந்த முறை அமுக்கப் பம்ப் வந்தது. மூடியின் இடத்தில் பொருத்திக் கையால் அடிக்கவேண்டும், மேலே ஒரு மானி இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் 1.1 வரை, அதற்கு மேலே இல்லை. அடித்துவிட்டு முள்ளைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் 1.0. ஐந்து நிமிடத்தில் 0.8. ஒழுக்கு இருக்கிறது, ஆனால் எங்கே? ரோர்ச்சும், அம்மாவின் கைக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு எல்லா இடமும் தேடினேன். முதலில் வோட்டர் பம்ப்: அதன் உடம்பில் ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே சீல் போனால் அதன் வழியே தண்ணீர் கசிந்து காய்ந்த கறையாகும். கறை இல்லை. ஹீற்றர் ஹோஸ் இரண்டும் உலர்வு. நம்மூரில் ஹீற்றரை யாரும் போடுவதில்லை என்பதால் அந்த ஹோஸ்களை யாரும் நினைப்பதில்லை, சூடான தண்ணீர் ஓடும் பாதைதான் அவையும். உள்ளே காலடிக் கம்பளத்தைத் தடவினேன், ஈரமில்லை. திறொட்டில் அடியிலிருக்கும் சின்ன ஹோஸ்கள் சரி. கிளிப்புகள் சரி.

பிறகு ரேடியேற்றரின் மேல்தொட்டி. கறுப்புப் பிளாஸ்ரிக்காக இருக்கவேண்டியது, தேத்தண்ணி நிறத்தில் மண்ணிறமாக வெளுத்திருந்தது. மேல் ஹோஸ் வந்து சேரும் கழுத்துக்கு அடியில், கண்ணாடியைச் சாய்த்தால் மட்டும் தெரியும் இடத்தில், தலைமயிர் அளவில் ஒரு கோடு. கோட்டின் இரு பக்கமும் வெளிர் இளஞ்சிவப்பில் உப்புப் பூத்ததுபோல ஒரு படிவு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மிகச் சின்ன முத்து அந்தக் கோட்டில் பிறந்து, பெருத்து, வழிந்தது. ஓடும்போது அது சூடான தொட்டியிலேயே காய்ந்துவிடும். மட்டையில் எப்படி விழும்? ஒன்றரை வருடமாக அப்பா எழுதிய வரிகள் அத்தனைக்கும் காரணம் ஒரு உதிர்ந்த இறப்பரும் இந்தக் கோடும்தான்.

மாமாவின் காலத்து லேலண்ட் பஸ்களில் ரேடியேற்றர் முழுக்கச் செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து ஒட்டலாம், அடைத்தால் மேல்தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தலாம். வழியில் ஒழுகினால் மஞ்சள் தூளை அள்ளிப் போட்டு அநுராதபுரம் வரை போய்ச் சேர்ந்த கதைகள் அவரிடம் உண்டு. இன்றைய ரேடியேற்றரில் நடுப்பகுதி அலுமினியம், இரு தொட்டியும் கண்ணாடி நார் கலந்த நைலோன், இடையில் இறப்பர், விளிம்பை மடித்து நெரித்திருக்கிறார்கள். வருடக்கணக்காகச் சூடான கிளைக்கோலில் ஊறி நைலோன் தன் பலத்தை இழந்து நொறுங்கத் தொடங்கும். அந்த மண்ணிறம் அதன் அடையாளம். எபொக்சி பூசினால் சில நாள் நிற்கலாம், நம்பிப் போகமுடியாது. ஒழுக்கை அடைக்கும் தூள், திரவம் என்று கடைகளில் விற்பவற்றை நான் ஊற்றவே மாட்டேன். ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்கள் எது, ஓட்டை எது என்று தெரியாது. காட்டு வழியில் அகப்பட்டவருக்கு அது கைகொடுக்கலாம். வீட்டு வாசலில் நிற்பவருக்குத் தேவையில்லை.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே ஒரு பொருள் வாங்கப்போனால் முதலில் கேள்விகள்தான் வரும். "தம்பி, ஓட்டோவா மெனுவலா? சேஸி நம்பர் இருக்கா?" ஓட்டோ என்றால் கியர் ஓயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேற்றரின் கீழ்த்தொட்டிக்குள்ளேயே ஓடும், இரண்டு முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மெனுவல் ரேடியேற்றரில் அது இல்லை. ஜப்பானில் கழற்றிய பழையது ஒன்றும் காட்டினார்கள், விலை குறைவு. தொட்டியைப் பார்த்தேன், அதே மண்ணிறம் தொடங்கியிருந்தது. புதிதாகவே எடுத்தேன். கூடவே மேல், கீழ் ஹோஸ், கிளிப்புகள், தெர்மோஸ்ரற் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றர் வழியே ஓடவிடாமல் மறிக்கும் வால்வு), அதன் இறப்பர் வளையம். கடைக்காரர் ஒவ்வொன்றையும் என் பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்து காட்டித்தான் கட்டினார். எல்லாம் சேர்த்தும் ஹெட் கேஸ்கற் வேலைக்குக் கேட்ட தொகையில் நாலிலொரு பங்குகூட வரவில்லை.

போயா தினத்தில் வேலையைத் தொடங்கினேன். மாடிக் கட்டடத்தின் கார் தரிப்பிடத்தில் வேலை செய்யக் காவலாளி அண்ணையிடம் முதலே சொல்லிவைத்தேன், நிலத்தில் ஒரு சொட்டும் விடமாட்டேன் என்ற வாக்குறுதியோடு. பற்றரியின் எதிர்முனையைக் கழற்றினேன், விசிறி தானாகச் சுழலாமலிருக்க. கீழே பிளாஸ்ரிக் பேசின் வைத்து வடிகால் திருகைக் கையாலேயே மெதுவாகத் திறந்தேன். இருபது வருடப் பிளாஸ்ரிக், குறடு போட்டால் ஒடிந்துவிடும். மூன்று லீற்றருக்குக் கொஞ்சம் கூட வடிந்தது. நிறம் இளஞ்சிவப்பு அல்ல, துருக் கலந்த மண்ணிறம்.

அதிலேயே இன்னொரு கதை இருந்தது. யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் நாங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறோம். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அம்மம்மா வீட்டுக் கேத்திலின் உள்ளே தடித்த வெள்ளைப் படலம் கட்டியிருக்கும், சின்ன வயதில் நகத்தால் பெயர்த்து விளையாடுவோம். அதே தண்ணீர்தான் ரேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் கொதித்திருக்கிறது. கொழும்புக் குழாய்த் தண்ணீர் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி ஆற்றிலிருந்தும் வருவது, அவ்வளவு கடினமில்லை. என்றாலும் அதில் துருவைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. ஒவ்வொரு போத்தலும் உள்ளே இருந்த கூலன்றை இன்னும் கொஞ்சம் நீர்க்கச் செய்திருக்கிறது.

கழற்றும் வேலையில் கடினமானது ஹோஸ்கள். கிளிப்பைக் குறடால் நெரித்துப் பின்னுக்குத் தள்ளியபிறகும் ஹோஸ் வராது, இறப்பர் கழுத்தோடு ஒட்டியிருக்கும். நெம்பக்கூடாது. இரு கையாலும் பிடித்து முறுக்கினால் ஒரு சத்தத்தோடு விடும். பிறகு கியர் ஓயில் குழாய் இரண்டு. ஒரு கோப்பையளவு சிவப்பு ஓயில் வரும், முனைகளை உடனே அடைக்கவேண்டும், நான் பொருத்தமான போல்ற் இரண்டைச் செருகினேன். விசிறியின் வயரைக் கழற்றி, மேலே பிடித்திருக்கும் இரண்டு தாங்கியின் போல்ற்றுகளை எடுத்தால், விசிறியோடு சேர்த்து நேரே மேலே தூக்கலாம். அடியில் இரண்டு இறப்பர் மெத்தையில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. முன்னால் ஒட்டி நிற்பது ஏசியின் கொண்டென்சர். அதன் குழாய்களைத் தொடவே கூடாது, அதன் மெல்லிய தகடுகளில் ஸ்பனர் இடித்தாலும் வளைந்துவிடும்.

தூக்கி வெளியே வைத்தபோது பழைய ரேடியேற்றரின் முகத்தைப் பார்த்தேன். கடல் எங்கள் வீட்டிலிருந்து இருநூறு மீற்றர் இல்லை. ரயில் பாதையைத் தாண்டினால் அலைதான். கீழ்ப்பாதித் தகடுகள் உப்புக் காற்றில் உக்கி, விரல் பட்டதும் சாம்பலாகக் கொட்டின. விரிசல் இல்லாவிட்டாலும் இது அதிக நாள் குளிர்வித்திருக்காது.

தெர்மோஸ்ரற் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வெப்ப நாட்டில் இது எதற்கு என்று கழற்றி எறிந்துவிடும் வழக்கம் இங்கே இருக்கிறது. எஞ்சின் குளிரிலேயே ஓடினால் பெற்றோல் கூடுதலாக எரியும், ஓயில் தன் வேலையைச் சரியாகச் செய்யாது, தேய்வு கூடும். கழற்றாமல் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். புதியதை ஒரு பழைய சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வைத்தேன். 80 தாண்டியதும் வாய் திறக்கத் தொடங்கியது. 90க்குள் நன்றாக விரிந்தது. பழையதையும் போட்டேன், அதுவும் திறந்தது, ஆனால் அரைவாசிக்கு மேலே போகவில்லை. மாற்றியது நல்லதாய்ப் போயிற்று. பழையதில் கூலன்ற் ஊறியிருந்ததால் அந்தச் சட்டி திரும்பக் குசினிக்குப் போகவில்லை.

பூட்டுவதை அதிகம் சொல்லத் தேவையில்லை, கழற்றியதன் மறுபக்கம். பூட்டி முடிந்ததும் மாமா நின்று மீண்டும் பம்பைப் போடச் சொன்னார். 1.1. பத்து நிமிடம் முள் அசையவில்லை.

இனி உள்ளே என்ன ஊற்றுவது. உறைவதைத் தடுக்கும் திரவம் நமக்கெதற்கு என்று பலர் கேட்பார்கள். நுவரெலியாவில் தை, மாசி அதிகாலையில் புல்லில் வெண்பனி பிடிக்கும், அதோடு இலங்கையின் உறைபனி முடிந்தது. நமக்குத் தேவை அதன் மற்ற இரண்டு குணங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் அமுக்கம் இல்லாமலே கொதிநிலை 107 பாகையளவுக்கு உயரும். அதைவிட முக்கியம், இந்த எஞ்சினின் உடல் அலுமினியம், அதை அரிப்பிலிருந்து காக்கும் சேர்மானங்கள் கூலன்றில்தான் இருக்கின்றன. தனிக் கிளைக்கோலாக ஊற்றுவதும் தவறு. அது தண்ணீரைப் போல வெப்பத்தைச் சுமக்காது. நிறத்தை வைத்து வாங்காதீர்கள், நிறம் வெறும் சாயம், கம்பனிக்குக் கம்பனி மாறும். காரின் கையேட்டில் உள்ள வகையைப் பாருங்கள். ஏற்கெனவே கலந்து வருவது என்றால் மேலே தண்ணீர் சேர்க்கக்கூடாது. நான் டொயோட்டாவின் கலந்து வரும் இளஞ்சிவப்பை எடுத்தேன். அதற்குமுன் காய்ச்சி வடித்த தண்ணீரால் மூன்று தடவை அலசினேன், கடைசித் தடவை தெளிவாக வந்தது.

ஊற்றியதும் வேலை முடியவில்லை. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால் இவ்வளவு பாடும் வீண். காரின் மூக்குப் பக்கம் உயர்ந்து நிற்கும்படி தரிப்பிடச் சரிவில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்தேன். பற்றரியைப் பூட்டி, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்தேன். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழ்கள் ஏப்பம்போல வந்தன. கொஞ்ச நேரத்தில் மேல் ஹோஸ் திடீரென்று சூடேறியது, தெர்மோஸ்ரற் திறந்துவிட்டது. மட்டம் சட்டென்று விழுந்தது, மறுபடி ஊற்றினேன். குமிழ் நின்றதும் மூடியைப் போட்டேன். விசிறி இரண்டு தடவை தானாக ஓடி நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு கியர் ஓயில் அளவையும் பார்த்து, சிந்தியதற்குக் கையேட்டில் சொன்ன வகையை ஊற்றினேன்.

பழைய கூலன்றைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் நாலைந்து தெரு நாய்கள், பூனைகள் எத்தனையோ. கிளைக்கோல் அவற்றுக்கு இனிக்கும், கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். கானில் ஊற்றினால் நேரே கடலுக்குப் போகும். பேசினிலிருந்து போத்தல்களில் அடைத்து, 'நஞ்சு' என்று எழுதி ஒட்டி, கழிவுகளைப் பொறுப்பேற்கும் ஒரு சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக் கொடுத்தேன். நிலத்தில் தெறித்த இரண்டு மூன்று இடத்தை மண் போட்டு அள்ளி, சவர்க்காரத் தண்ணீரால் கழுவினேன். காவலாளி அண்ணை வந்து பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்த நாள் காலை மட்டம் விரற்கடை அளவு இறங்கியிருந்தது. பயந்துவிட்டேன். கடைசிக் காற்று வெளியேறிய இடத்தை நிரப்பியிருக்கும், பேசாமல் ஊற்றும் என்றார் மாமா. ஊற்றி, புது ரேப் ஒட்டினேன். அதற்குப் பிறகு இறங்கவில்லை.

ஆறு வாரம் கழித்து அம்மாவோடு யாழ்ப்பாணம் போனோம். போக ஏறக்குறைய 400 கிலோமீற்றர், வவுனியாவுக்கு அங்கால் நல்ல வெயில், ஏசியும் போட்டபடி. முள் ஒரு மயிரிழையும் அசையவில்லை. அம்மம்மா வீட்டு முற்றத்தில் இரவு நின்று, விடியக்காலை பொனற்றைத் திறந்தேன். மட்டம் ரேப்பின் மேல் விளிம்பில். கிணற்றடியில் நின்ற சித்தப்பா வழக்கம்போல வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தண்ணி விடட்டோ?"

"வேண்டாம் சித்தப்பா, நிறைய இருக்கு."

முன் லாச்சியிலிருந்து கொப்பியை எடுத்து, அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே திகதி, கிலோமீற்றர், மாற்றிய சாமான்களின் பெயர், அமுக்கம் 1.1 என்று எழுதினேன். அடுத்த வரியில், திரும்பிப் போனதும் எஞ்சின் பெல்ற்றைப் பார்க்கவேண்டும், ஓரத்தில் வெடிப்புத் தெரிகிறது என்றும் எழுதிவைத்தேன்.